இருபத்துமூன்றாம் கட்டம்

ஷூர் அனுப்பிய மிடி கோப்பைத் திறந்தேன்.
திரையில் ஒரு பியானோ.
ஐந்து கோடுகளுக்கும் கீழே, இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பதுபோல்
துணைக்கோட்டில் தொங்கிக்கொண்டு
பாஸ் டிரம்.
தான் டிரம் என்பதே அதற்குத் தெரியவில்லை.

படகுத்துறை டிக்கெட் கவுன்ட்டரை ஆறரைக்கு மூடிவிட்டு
ஈரக் கோட்டோடு வந்து உட்கார்ந்தேன்.
ஃப்ளோரோவில் மழைக்கு விடுப்பு கிடையாது.
மே பதினேழு ஊர்வலத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
ஷூர் அன்றைக்கு நடுக்கடலில், எண்ணெய் மேடையில்
குழாய் முறுக்கிக்கொண்டிருப்பான்.
அவன் இடத்தில் ஒட்னி. வயது பதினான்கு.
அவளுக்குக் காகிதம் வேண்டும்.
அவனுக்கோ எழுத்து வராது,
காதில் விழுந்ததைக் கைக்குக் கொடுப்பவன்.
ரப்பர் தட்டுகளில் அடித்து
எண்களாக அனுப்பிவிட்டு ஹெலிகாப்டர் ஏறிவிட்டான்.

முப்பத்தாறு என்றால் கால்.
முப்பத்தெட்டு ஸ்நேர்.
நாற்பத்திரண்டு மூடிய ஹை-ஹாட், நாற்பத்தாறு திறந்தது.
படகில் இருக்கை எண் பார்க்காமல் உட்கார்ந்தவர்களை
ஒவ்வொருவராய் எழுப்பி மாற்றுவதுபோல
அதனதன் கோட்டில் உட்காரவைத்தேன்.
சிம்பல்களுக்குத் தலையில் பெருக்கல் குறி.
கைக்குக் காம்பு மேலே, காலுக்குக் கீழே.

பிறகு ஓய்வுகள்.
அடேயப்பா, ஓய்வுகள்!
முப்பத்திரண்டில் ஒன்று, அறுபத்துநான்கில் ஒன்று,
பக்கம் முழுக்க மீன்முள்.
ஸ்நேரை அடித்தவன் குச்சியை எடுக்க எவ்வளவு நேரமாயிற்று என்று
யார் கேட்டார்கள்?
டிரம்முக்கு நீளம் ஏது. விழுந்தால் விழுந்ததுதான்.
மென்பொருள் ஒப்பவில்லை.
கணக்குப்பிள்ளை அது, செல்லாக்காசையும் வரவில் எழுதும்.

பதினாறில் ஒட்டு என்றேன்.
ஒட்டியது. ஆட்டம் செத்தது.
பட்டாளம் நடப்பதுபோல் இருந்தது.
பின்வாங்கி, மூன்று மூன்றாய்ப் பிரி என்றேன்.
மூச்சு வந்தது, நொண்டிக்கொண்டு,
ஆனால் ஷூரின் நொண்டல்.

விசை ஏழு, விசை ஒன்பது, விசை பதினொன்று.
அவன் காற்றுபோல் தொட்ட பேயடிகளா,
பக்கத்துத் தட்டு அதிர்ந்து சொன்ன பொய்யா?
ஹெட்ஃபோனில் இருபது தடவை.
ஒன்பதை வைத்துக்கொண்டேன். ஏழை அழித்தேன்.
ஆதாரம் கேட்காதீர்கள்.

அறுபத்துநான்காம் கட்டத்தில் ஒரே ஒரு மாட்டுமணி.
கூப்பிட்டுக் கேட்டேன். மேடையில் காற்று.
"மணியா? அது என் முழங்கை."

இருபத்துமூன்றுதான் படியவில்லை.
ஒட்டும்போதெல்லாம் கடைசி ஸ்நேர்
முன்னால் தாவி வேறொரு அடியோடு போய் நின்றது.
அசலைப் பெரிதாக்கிப் பார்த்தேன்:
அரைக் கண்ணிமை முந்தி.
அதே மெட்டு திரும்பும் ஐம்பத்தொன்றிலும்
அதே அரைக் கண்ணிமை.
பிழைக்கு இவ்வளவு ஞாபகசக்தி இருக்காது.

அப்புறம் உறைத்தது. இரண்டாம் டிரம்பெட் நுழையும் இடம்.
தோர்கில்ஸ், பல் மருத்துவர்,
இருபது வருடமாய் அங்கே முந்திக்கொள்கிறவர்.
ஷூர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.
ஓடிப்போய்க் கதவைத் திறந்து வைத்திருக்கிறான்,
அவ்வளவுதான்.

இதற்கு என்ன குறி?
எல்லா மெனுவையும் திறந்து மூடினேன்.
கடைசியில் அடியை நேராக வைத்து அச்சடித்து
மேலே பென்சிலால் எழுதினேன்:
இங்கே தோர்கில்ஸோடு போ.

செவ்வாய்க்கிழமை, பள்ளி ஜிம்,
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே ஒத்திகை.
இருபத்துமூன்று வந்தது.
ஒட்னி அரைக் கண்ணிமை முந்திப் போனாள், அச்சு அசலாய்.
தோர்கில்ஸ் சரியான நேரத்துக்கு வந்தார்.

திறந்த கதவில் ஸ்நேர் மட்டும்.

நடத்துநர் வேறெதற்கோ நிறுத்தினார், டியூபாவில் எச்சில்.
ஒட்னி குச்சியால் பென்சில் எழுத்தைத் தட்டி
என்னைப் பார்த்தாள்.
பையில் ரப்பர் தேடினேன்.
டிக்கெட் அடிக்கட்டைகளாய் வந்தது.
"அழிச்சிடவா?" என்று சைகையில் கேட்டேன்.

தோர்கில்ஸின் முதுகை ஒரு கணம் அளந்துவிட்டு
அவள் உதட்டை அசைத்தாள்:
ஐம்பத்தொன்று வரட்டும்.